மழையில் விமானம் விழுவது எதனால்? அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது?

தாம்பரம் தேன்மொழி | நவம்பர் 9, இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். தம்பி வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு அம்மா அடுத்த வாரம் துபாயிலிருந்து சென்னை வருகிறார். இங்கே நவம்பர் மழை எப்படி என்று உங்களுக்குத் தெரியும். நேற்று சொந்தக்காரர் ஒருவர் குடும்ப குரூப்பில் அந்தப் பழைய வீடியோவைப் போட்டுவிட்டார். 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயலன்று மீனம்பாக்கத்தில் ஒரு ஏர்பஸ் இறங்க வந்து, தரைக்குப் பக்கத்தில் இறக்கை ஒரு பக்கம் சாய்ந்து, அப்படியே மேலே கிளம்பிப் போகுமே, அதுதான். அம்மா அதை நாலு தரம் பார்த்துவிட்டு, "காத்து தள்ளினா பிளேன் கவுந்துடுமாடி?" என்று கேட்கிறார். டிக்கெட்டை ஜனவரிக்கு மாற்றச் சொல்கிறார். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா" என்று சொல்லிப் பார்த்தேன், நம்பவில்லை. எனக்கே நம்பிக்கை இல்லை என்று குரலிலேயே தெரிந்திருக்கும். மழை, புயல், மின்னல் இவற்றால் பெரிய விமானம் உண்மையிலேயே விழுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மழைக்குருவி | நவம்பர் 9, இரவு 9:20

முதலில் அந்தச் சொந்தக்காரரை குரூப்பிலிருந்து எடுங்கள். மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

மெட்டார் தாத்தா | நவம்பர் 9, இரவு 10:05

அம்மா தேன்மொழி, நான் விமான நிலைய வானிலை அலுவலகத்தில் அப்சர்வராக இருந்து ஓய்வு பெற்றவன். அரை மணிக்கு ஒரு தரம் காற்றின் திசை, வேகம், எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது, மேகம் எத்தனை அடியில் நிற்கிறது என்று எல்லாவற்றையும் ஒரே வரியில் சுருக்கி அனுப்புவோம். மெட்டார் என்பார்கள். பெயர் அங்கிருந்து வந்ததுதான், பேரன் வைத்தது.

அந்த வீடியோவில் பார்த்ததற்கு கோ-அரவுண்ட் என்று பெயர். இறக்கம் சரியாக அமையவில்லை, விசையைக் கூட்டி மேலே போய் ஒரு சுற்று சுற்றி வருகிறேன், இல்லை வேறு ஊருக்குப் போகிறேன் என்பது. உங்கள் அம்மா பயந்தது விமானி சரியாகச் செய்த ஒரு காரியத்தைப் பார்த்து. நான் பயப்படுவது மேலே கிளம்பாமல் இறங்கியே தீருவேன் என்று வரும் விமானத்தைப் பார்த்து.

காற்று வலுவாக இருப்பது மட்டும் பெரிய ஆபத்தில்லை. பக்கவாட்டுக் காற்று எத்தனை நாட் (மணிக்கு சுமார் 1.85 கிலோமீட்டர் ஒரு நாட்) வரை இருந்தால் இறங்கலாம் என்று ஒவ்வொரு ரகத்துக்கும் கணக்கு உண்டு. ஆபத்து, காற்று சட்டென்று மாறுவதில். அதை நாளைக்கு எழுதுகிறேன், கண் வலிக்கிறது.

கூடலூர்க்காரன் | நவம்பர் 9, இரவு 11:31

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஏர்போர்ட் என்றால் கரிப்பூர், அதாவது கோழிக்கோடு ஏர்போர்ட்தான். நாடுகாணி சுரம் இறங்கி, வழிக்கடவு, நிலம்பூர் வழியாகப் போய்விடலாம். பன்னிரண்டு வருடமாக வளைகுடாவுக்கு அந்த வழியாகத்தான் போய் வருகிறேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் தெரியும், கீழே தென்னந்தோப்பும் பள்ளமுமாக வந்துகொண்டே இருக்கும், திடீரென்று தரை நம் உயரத்துக்கு எழும்பி வந்துவிடும். மலையைச் சீவி மேலே மேசை மாதிரி ஆக்கிய ஓடுபாதை. இரண்டு முனையிலும் பள்ளம்.

2020 ஆகஸ்ட் 7 அன்று மாலை துபாயிலிருந்து வந்த விமானம் அந்த முனையைத் தாண்டிப் போய் விழுந்து உடைந்தது. கொரோனா காலத்தில் ஆட்களை ஊருக்குத் திருப்பிக் கொண்டுவந்த வந்தே பாரத் விமானம், போயிங் 737. உள்ளே 190 பேர். இரண்டு விமானிகளையும் சேர்த்து 21 பேர் போய்விட்டார்கள். அன்று கொட்டிய மழையில், தொற்று பயத்தையும் பார்க்காமல், கொண்டோட்டி ஆட்கள் கையில் கிடைத்த வண்டியில் எல்லாம் அடிபட்டவர்களை ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். அப்புறம் அவர்களே தனிமைப்படுத்தலில் உட்கார்ந்தார்கள்.

அப்போது எல்லா சேனலிலும் "கனமழையால் விபத்து" என்றுதான் சொன்னார்கள். உண்மையில் மழைதானா?

சுப்பு நெல்லை | நவம்பர் 10, காலை 6:48

மழைதான். வேறு என்ன? அன்றைக்கு வெயில் அடித்திருந்தால் அந்த விமானம் விழுந்திருக்குமா? இதுதான் என் கேள்வி. விபத்து நடந்தால் ஒரு கமிட்டி போடுவார்கள், ஒரு வருடம் கழித்து "விமானியின் தவறு" என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள். செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்ல மாட்டார் அல்லவா, வசதி.

ஏரோ சந்துரு | நவம்பர் 10, காலை 8:15

நான் ஏ.எம்.இ. விமானப் பராமரிப்பு வேலை. சுப்பு அண்ணே, அந்த விபத்தின் விசாரணை அறிக்கை 2021 செப்டம்பரில் வந்தது, முழுதாகப் படித்தேன். நீங்கள் நினைப்பதுபோல ஒரு வரியில் முடித்துவிடவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் 28-ஆம் ஓடுபாதைக்கு வந்தார்கள். ஓடுபாதை கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை, மேலே போய்விட்டார்கள். அதுவரை எல்லாம் சரி. அந்த முயற்சியின்போதே கேப்டன் பக்கத்து வைப்பர் நின்றுபோனது. ஆமாம், நம் பஸ்ஸில் இருப்பது போன்ற கண்ணாடி துடைக்கும் வைப்பர்தான். இரண்டாவது முறை மறுமுனையிலிருந்து, அதாவது 10-ஆம் ஓடுபாதையில், இறங்க வந்தார்கள். இந்தப் பக்கத்திலிருந்து வரும்போது காற்று முதுகுப் பக்கம். சுமார் 14 நாட். வைப்பர் ஓடியது, ஆனால் வைத்த வேகத்தில் ஓடவில்லை.

ஓடுபாதை 8,858 அடி. சக்கரம் தரையைத் தொட்டது 4,438-ஆவது அடியில். பாதி ஓடுபாதை தலைக்குப் பின்னால் போய்விட்டது. தரையில் வேகம் 165 நாட், மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். துணை விமானி "கோ-அரவுண்ட்" என்று சொன்னார். அப்போதும் மேலே போகவில்லை.

அறிக்கை இன்னொன்றும் சொல்கிறது. கேப்டனுக்கு மறுநாள் காலை கோழிக்கோட்டிலிருந்தே ஒரு விமானம் இருந்தது. வேறு ஊருக்குத் திருப்பிவிட்டால் ஓய்வு நேரக் கணக்கு இடிக்கும். அந்தத் தளத்தில் போதுமான கேப்டன்கள் இல்லை. இதையெல்லாம் யாருடைய தவறு என்று எழுதுவீர்கள்?

சுப்பு நெல்லை | நவம்பர் 10, காலை 8:40

அதைத்தான் நானும் சொல்கிறேன் தம்பி. ஆள் போடாதது நிர்வாகம், வைப்பரைச் சரிபார்க்காதது யாரோ, காற்று முதுகில் தள்ளியது இயற்கை. கடைசியில் பெயர் மட்டும் விமானிக்கு.

ஏரோ சந்துரு | நவம்பர் 10, காலை 9:02

வைப்பர் விஷயத்தில் எனக்கும் கோபம்தான், எங்கள் தொழில்காரர்களைப் பற்றியது என்பதால் இன்னும் கூட. ஆனால் பாதி ஓடுபாதை போன பிறகு இறக்கியது மழை எடுத்த முடிவு கிடையாது. விசையைத் தள்ளி மேலே போக அவருக்கு இடம் இருந்தது. 1999 ஜூன் 1 அன்று அமெரிக்காவில் லிட்டில் ராக் ஊரிலும் இதே கதை. இடிமழை ஓடுபாதைக்கு மேலேயே வந்துவிட்டது, முந்திக்கொண்டு இறங்கிவிடலாம் என்று அவசரப்பட்டார்கள். அந்த அவசரத்தில் இறக்கையின் மேல் தகடுகள், ஸ்பாய்லர்கள், தரை தொட்டதும் தானாக எழும்பும்படி தயார் செய்ய மறந்துவிட்டார்கள். அவை எழும்பாவிட்டால் விமானத்தின் எடை சக்கரத்தில் இறங்காது, பிரேக் பிடித்தும் பிடிக்காது. 11 பேர் இறந்தார்கள்.

ஈரத் தரையில் இன்னொரு தொல்லையும் உண்டு. வேகமாகப் போகும் டயருக்கும் தரைக்கும் நடுவே தண்ணீர் ஒரு படலமாகப் புகுந்து டயரைத் தூக்கிவிடும். டயர் அழுத்தம் 200 பி.எஸ்.ஐ. என்றால் சுமார் 127 நாட்டுக்கு மேலே அது நடக்கலாம் என்பது பழைய கைக்கணக்கு. ஜிஎஸ்டி ரோட்டில் தேங்கின தண்ணீரில் பைக் வழுக்கியவர்களுக்குப் புரியும்.

மெட்டார் தாத்தா | நவம்பர் 10, பகல் 3:30

சுப்பு சொல்வதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. வானிலையே கொன்ற காலம் ஒன்று உண்டு. அப்போது விமானிகளுக்குத் தெரியவே வழி இல்லாத ஒன்று வானத்தில் இருந்தது.

1975 ஜூன் 24. நியூயார்க் கென்னடி நிலையம். இடிமழை. ஓடுபாதையை நெருங்கிய ஒரு போயிங் 727 வழிகாட்டி விளக்குக் கம்பங்களில் மோதி நொறுங்கியது. 113 பேர். இதில் கொடுமை என்னவென்றால், சற்று முன்னால் இறங்கிய சரக்கு விமானத்தின் விமானி காற்று பயங்கரமாக இருக்கிறது, ஓடுபாதையை மாற்றுங்கள் என்று சொல்லியிருந்தார். இன்னொரு விமானம் இறங்க முடியாமல் மேலே போயிருந்தது. ஆனால் அதே பாதையில் மற்றவர்கள் இறங்கிக்கொண்டும் இருந்தார்கள். அவர்களுக்கு இல்லாத காற்று இவருக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

இதற்கு விடை தேடியவர் டெட் ஃபுஜிடா. சூறாவளி (டொர்னாடோ) அளவுகோலுக்கு இன்றும் அவர் பெயர்தான். 1945-ல் அணுகுண்டு விழுந்த பிறகு நாகசாகிக்குப் போய்ச் சேதத்தைப் பார்த்தவர். குண்டு வெடித்த இடத்துக்கு நேர் கீழிருந்து எல்லாப் பக்கமும் வெளிநோக்கிச் சாய்ந்து கிடந்த மரங்கள் அவர் மனதில் இருந்தன. 1974-ல் அமெரிக்காவில் சூறாவளிச் சேதத்தை ஆகாயத்திலிருந்து பார்க்கும்போது சில இடங்களில் மரங்கள் அதே மாதிரி நட்சத்திர வடிவில் விழுந்து கிடந்தன. சூறாவளி என்றால் சுழற்றி அல்லவா போட்டிருக்க வேண்டும்? மேலிருந்து காற்று கொட்டி, தரையில் மோதி, எல்லாப் பக்கமும் சிதறியிருக்கிறது என்று புரிந்துகொண்டார். மைக்ரோபர்ஸ்ட் என்று பெயர் வைத்தார். குடத்துத் தண்ணீரைச் சிமெண்ட் தரையில் கவிழ்த்துப் பாருங்கள், அதேதான். நாலு கிலோமீட்டருக்கு உட்பட்ட வட்டம், சில நிமிட ஆயுள். முன்னால் போனவர் தப்பித்தார், பின்னால் வந்தவர் மாட்டினார் என்பதற்கு அதுதான் காரணம். அப்படி ஒன்று கிடையாது என்று அன்றைக்கு வாதாடிய விஞ்ஞானிகளும் உண்டு.

அதற்குள் நுழையும் விமானத்துக்கு முதலில் எதிர்க்காற்று கிடைக்கும். வேகமானி ஏறும், விமானம் மிதக்கும். விமானி வேகம் அதிகம் என்று விசையைக் குறைப்பார். அடுத்த சில விநாடியில் மேலிருந்து அமுக்கும். அதைத் தாண்டினால் முதுகுக் காற்று, வேகம் மடமடவென்று இறங்கும். கொடுத்துவிட்டுப் பிடுங்குகிற காற்று அது.

1985 ஆகஸ்ட் 2 அன்று டாலஸில் ஒரு டிரைஸ்டார் விமானம் இப்படித்தான் போனது. முன்னால் இருந்த மேகத்தில் மின்னல் வெட்டுவதை அவர்களே பார்த்துப் பேசிக்கொண்டார்கள். ஆனால் அவர்களுக்கு முன்னால் ஒரு சிறிய ஜெட் அதே வழியில் பத்திரமாக இறங்கியிருந்தது. நெடுஞ்சாலையில் போன காரில் மோதி, தண்ணீர்த் தொட்டிகளில் இடித்து, 137 உயிர்.

சுப்பு நெல்லை | நவம்பர் 10, மாலை 5:10

ஐயா, இதைத்தான் எதிர்பார்த்தேன். இதில் விமானியின் தவறு எங்கே இருக்கிறது?

மெட்டார் தாத்தா | நவம்பர் 10, மாலை 5:52

75-ல் கண்ணுக்குத் தெரியாததற்கு அவரைக் குறை சொல்ல மாட்டேன். 85-ல் கொஞ்சம் சொல்வேன், மின்னலைப் பார்த்த பிறகும் உள்ளே போனதற்காக. ஆனால் டாலஸுக்கு அப்புறம் நிலைமை மாறியது. நாசாவும் அமெரிக்க விமானத் துறையும் ஒரு போயிங் 737-ஐ வேண்டுமென்றே மைக்ரோபர்ஸ்ட்டுக்குள் ஓட்டிப் பரிசோதித்தார்கள். முன்னால் காற்று எப்படித் திரும்புகிறது என்று முன்கூட்டியே சொல்லும் ரேடார் விமான மூக்கிலேயே வந்தது. நிலையங்களில் டாப்ளர் ரேடார் நின்றது. அமெரிக்க விமானக் கம்பெனி ஒன்றின் ஜெட் மைக்ரோபர்ஸ்ட்டில் கடைசியாக விழுந்தது 1994-ல், சார்லட் நகரத்தில், 37 பேர். அதற்கு முன்பு சில வருடங்களுக்கு ஒருமுறை இது நடந்துகொண்டே இருந்தது. 1982-ல் நியூ ஆர்லியன்ஸ் பக்கம் கென்னரில் தரையில் இருந்தவர்களோடு சேர்த்து 153 பேர்.

மழைக்குருவி | நவம்பர் 10, மாலை 6:15

தேன்மொழி அம்மா இந்தப் பக்கத்தைப் படிக்காமல் இருக்கக் கடவது.

தாம்பரம் தேன்மொழி | நவம்பர் 10, மாலை 6:30

படிக்கவில்லை, நான்தான் படித்துப் பயந்துகொண்டிருக்கிறேன் :) சரி, மின்னல்? அம்மாவின் அடுத்த கேள்வி அதுதான்.

ஏரோ சந்துரு | நவம்பர் 10, இரவு 8:20

அக்கா, மின்னல் சராசரியாக வருடத்துக்கு ஒரு தரமாவது ஒரு பயணிகள் விமானத்தைத் தொடும் என்பார்கள். எங்களுக்கு அது ஒரு நாள் வேலை. உடம்பு முழுக்கத் தேடிப் பார்த்தால் பட்டாணி அளவில் ஒரு கருகின புள்ளி, வால் பக்கம் வெளியேறின இடத்தில் இன்னொன்று. மின்சாரம் வெளித்தோல் வழியாகவே ஓடிவிடும், உள்ளே வராது. 1963-ல் மேரிலாந்தில் ஒரு போயிங் 707-ன் எரிபொருள் தொட்டி மின்னலில் வெடித்து 81 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் தொட்டிப் பாதுகாப்பு விதிகள் இறுகின.

எனக்கு மின்னலைவிடப் பனிக்கட்டிதான் பயம். விமான மூக்குப் பக்கம் விரல் நீளத்துக்கு ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும், பிட்டாட் குழாய். எதிரே வரும் காற்றின் அழுத்தத்தை வைத்து வேகம் சொல்வது அதுதான். நிறுத்தும்போது உறை போட்டு, சிவப்பு ரிப்பன் தொங்கவிடுவோம், எடுக்க மறக்கக்கூடாது என்று. அந்தக் குழாய் அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2009 ஜூன் 1 இருக்கிறது. ரியோவிலிருந்து பாரிஸ் போன ஏர் பிரான்ஸ் 447, அட்லாண்டிக் நடுவே இடிமேகக் கூட்டம், 35,000 அடி. மூன்று குழாய்களிலும் பனித்துகள் அடைத்து வேகக் கணக்கு தாறுமாறானது. தானியங்கி ஓட்டி கையை விரித்துவிட்டது. அந்த அடைப்பு ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. பேசாமல் மூக்கை அப்படியே வைத்திருந்தால் போதும். ஓட்டிக்கொண்டிருந்தவர் மூக்கைத் தூக்கினார், தூக்கிக்கொண்டே இருந்தார். வேகம் குறைந்து விமானம் காற்றில் பிடிமானம் இழந்தது. எச்சரிக்கைக் குரல் ஒரு கட்டத்தில் 54 விநாடி விடாமல் கத்தியது. நாலரை நிமிடத்துக்குள் கடலில். 228 பேர். கறுப்புப் பெட்டி கிடைக்கவே இரண்டு வருடம் ஆனது.

சுப்பு நெல்லை | நவம்பர் 10, இரவு 9:05

2014 டிசம்பர் 28-ல் இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து சிங்கப்பூர் போன விமானம் விழுந்ததே? 162 பேர். அது முழுக்க மேகத்தால்தானே? மேலே ஏற அனுமதி கேட்டதே மேகத்துக்குப் பயந்துதான்.

ஏரோ சந்துரு | நவம்பர் 10, இரவு 9:33

அப்படித்தான் ஒரு வருடம் எல்லோரும் நினைத்தோம், நானும்தான். இந்தோனேசிய அறிக்கை வந்தபோது பார்த்தால், வால் சுக்கானின் அசைவைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகையில் பற்றவைப்பு ஒன்று விரிசல் விட்டிருந்தது. அதனால் அதே எச்சரிக்கை மறுபடி மறுபடி வந்தது. அதை நிறுத்த சர்க்யூட் பிரேக்கரை இழுத்துவிட, தானியங்கி ஓட்டி விலகியது. அப்புறம் 447 போலவே, மூக்கு மேலே, பிடிமானம் போச்சு. மேகம் பக்கத்தில் நின்றது, பெயர் அதற்குப் போய்விட்டது.

சுப்பு நெல்லை | நவம்பர் 10, இரவு 9:50

இது எனக்குத் தெரியாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோழிக்கோடு விஷயத்தில் என் பேச்சை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

கூடலூர்க்காரன் | நவம்பர் 11, காலை 7:20

மலைப் பக்கத்துக்காரன் என்பதால் கேட்கிறேன், மேகம் மறைத்து மலையில் மோதியது நம் பக்கம் உண்டா?

மெட்டார் தாத்தா | நவம்பர் 11, காலை 10:10

உண்டு தம்பி. 1971 டிசம்பரில் திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்த ஓர் அவ்ரோ விமானம், சின்னமனூர்ப் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதியது. அன்றைக்குத் தரை தெரியாத வானிலை. மேகத்துக்குள் நம்பிக்கையில் கீழே இறங்குவதுதான் எல்லாவற்றிலும் மோசம். 2014 ஜூலையில் தைவானின் பெங்ஹு தீவில் ஒரு ஏ.டி.ஆர். விமானம் அப்படித்தான், புயல் கடந்துபோன பிறகு. ஓடுபாதை தெரியாமல் இதற்குக் கீழே இறங்கக்கூடாது என்ற உயரத்துக்கும் கீழே இறங்கித் தேடினார்கள். 48 பேர்.

கோ-அரவுண்ட் போனால் எல்லாம் சரி என்று நான் சொல்வதாகவும் நினைக்காதீர்கள். 2016 மார்ச்சில் ரஷ்யாவின் ரோஸ்தோவில் சூறைக்காற்றில் இறங்க முடியாமல் சுமார் இரண்டு மணி நேரம் வானில் சுற்றினார்கள். இரண்டாவது முறையும் மேலே கிளம்பும்போது, இருட்டில் உடம்பின் திசை உணர்வு ஏமாற்றிவிட்டது. மூக்கைக் கீழே அழுத்தி நேராகத் தரைக்கு. 62 பேர். இரண்டு மணி நேரம் காத்திருக்காமல் முதல் முயற்சியோடு வேறு ஊருக்குப் போயிருக்கலாம். நான் இங்கே உட்கார்ந்து சொல்வது சுலபம், தெரியும்.

கூடலூர்க்காரன் | நவம்பர் 11, பகல் 12:45

எனக்கு நடந்தது ஒன்று. ஒரு ஜூலை மாதம், இரவு, கரிப்பூருக்கு மேலே மழை. இரண்டு தரம் வந்து இரண்டு தரமும் மேலே போய்விட்டார், அப்புறம் கொச்சிக்குத் திருப்பிவிட்டார். கீழே இறங்கியதும் பஸ் வர மூன்று மணி நேரம். பின்சீட்டில் ஒருவர் "பக்கத்து வீட்டுப் பையன் பஸ் ஓட்டறான், அவனுக்கு இருக்கற தைரியம்கூட இவனுக்கு இல்ல" என்று சத்தமாகச் சொன்னார். பாதிப் பேர் சிரித்தோம். நானும் சிரித்தேன். 2020-க்கு முந்தைய வருடம் அது.

சுப்பு நெல்லை | நவம்பர் 11, பகல் 1:15

ம்.

தாம்பரம் தேன்மொழி | நவம்பர் 18, காலை 5:40

எல்லோருக்கும் நன்றி. அம்மா டிக்கெட்டை மாற்றவில்லை. தாத்தா எழுதிய முதல் பதிலை மட்டும் போனில் படித்துக் காட்டினேன், மற்றதைச் சொல்லவில்லை.

நேற்று இரவு வந்தார். அதாவது, வரவில்லை. மீனம்பாக்கத்தில் பலத்த மழை, அரை மணி சுற்றிவிட்டு பெங்களூருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே விமானத்துக்குள்ளேயே மூன்று மணி நேரம், ஒரு சாண்ட்விச், பாதித் தண்ணீர். இரவு ஒன்றரைக்குத்தான் சென்னை. பக்கத்து சீட்டுக்காரர் ஏர்ஹோஸ்டஸிடம் சண்டை போட்டாராம், "வேற ஃபிளைட் எறங்குச்சே, நம்மாளு ஏன் எறக்கலை?" என்று. அம்மா அவரிடம், "அது மேல திரும்பிப் போனா நல்லதாம், எங்க பொண்ணுக்குத் தெரிஞ்ச பெரியவரு ஒருத்தர் சொன்னாரு" என்றாராம்.

இப்போது தூங்குகிறார். தாத்தா, சாண்ட்விச் உள்ளே ஒன்றுமே இல்லை என்று உங்களிடம் சொல்லச் சொன்னார்.